மீட்டரைப் பார்க்காதீர்கள், வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

3,20,000 கிலோமீட்டர் ஓடிய ஒரு ஃபோர் வீல் டிரைவ் (நாலு சக்கரமும் இழுக்கும்) பிக்கப்பை, அதாவது பின்னால் திறந்த பெட்டி உள்ள வண்டியை, வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. தொழிலுக்கு இல்லை, ஆசைக்குத்தான், சேற்றிலும் மணலிலும் கல்லிலும் ஓட்டிப் பார்க்கும் ஆசை. "இவ்வளவு ஓடின வண்டியைப் போய் யாராவது வாங்குவாங்களா?" என்று கேட்காத ஆள் இல்லை. இப்போது அதே ஆட்களில் இரண்டு பேர் தங்களுக்கும் ஒன்று பார்த்துத் தரச் சொல்கிறார்கள், அதனால்தான் இந்தப் பதிவு.

என் கருத்து இதுதான். இந்த மாதிரி வண்டியில் மீட்டரில் இருக்கும் எண்ணைக் கடைசியாகப் பார்த்தால் போதும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றப்பட்ட 3 லட்சம் கிலோமீட்டர் வண்டி, கடற்கரையில் உப்புத் தண்ணீரில் இறக்கி ஏற்றிய 1 லட்சம் கிலோமீட்டர் வண்டியைவிட எவ்வளவோ மேல். எஞ்சின் தேய்ந்தால் பிரித்து வேலை பார்க்கலாம், வேறு எஞ்சின்கூட மாட்டலாம். வண்டியையே தாங்கும் சட்டமான சேசிஸ் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் வண்டியே போச்சு.

பிக்கப்பின் சேசிஸ் ஏணி மாதிரி, நீளமாக இரண்டு இரும்புச் சட்டம், குறுக்கே பல கட்டைகள். சட்டத்தின் உள்ளே சேறு போய்த் தங்கிவிட்டால் ஈரம் காயாது, துரு உள்ளிருந்தே தின்றுகொண்டு வரும், வெளியே ஒன்றும் தெரியாது. பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தையும் பெட்டிக்கு அடியில் இருக்கும் பகுதியையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்று கேட்கும், அரித்த இரும்பு மொத்தென்று கேட்கும். விற்பதற்காகவே புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்த சேசிஸ் என்றால் இன்னும் அதிகமாகத் தட்டுங்கள். பெரிய கம்பெனி வண்டி என்று நம்பி விட்டுவிட வேண்டாம். டொயோட்டா டகோமா நீண்ட நாள் உழைக்கும் என்று பெயர் வாங்கிய பிக்கப், அதிலேயே சேசிஸ் துரு அமெரிக்காவில் வழக்காகி, 2016ல் வந்த சமரசத்தில் 2005 முதல் 2010 வரையான மாடல்களைச் சோதித்து, அரித்துப்போனவற்றுக்கு சேசிஸையே மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள்.

எஞ்சினைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று. நீங்கள் போவதற்கு முன்னால் ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்லாது. நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. டைமிங் பெல்ட் (வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பெல்ட்) உள்ள எஞ்சின் என்றால் எப்போது மாற்றியது என்று பில் கேளுங்கள், பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஃபோர் வீல். பல பேர் வருடக்கணக்கில் நாலு சக்கரத்துக்கும் மாற்றும் லீவரைத் தொட்டே இருக்க மாட்டார்கள், இறுகிப்போயிருக்கும். மண் தரையில் 4 ஹை (நாலு சக்கரமும், சாதாரண வேகம்), 4 லோ (நாலு சக்கரமும், மெதுவான வேகம், அதிக இழுவை) இரண்டையும் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தார் ரோட்டில் வேண்டாம். திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் போவதில்லை, பெரும்பாலான பிக்கப்களில் அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ள நடுவில் டிஃபரென்ஷியல் (சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் அமைப்பு) கிடையாது, மண்ணில் சக்கரம் சறுக்கிச் சரிசெய்துகொள்ளும், தாரில் எல்லா அழுத்தமும் கியரில்தான் ஏறும்.

முன்னால் இருந்தவர் உயரம் ஏற்றி, பெரிய டயர் போட்டு அலங்கரித்த வண்டி எனக்கு வேண்டாம். பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் ஷாஃப்ட்டின் கோணம் மாறி ஜாயின்ட் எல்லாம் சீக்கிரம் தேயும். கம்பெனியில் இருந்து வந்தபடியே இருக்கும் வண்டியைத் தேடுங்கள்.

வாங்குவதற்கு வைத்திருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள், மூன்றில் ஒரு பங்காவது கையில் இருக்கட்டும். நான் வாங்கிய வாரமே எல்லா ஆயிலையும் இறக்கினேன். முன் டிஃபரென்ஷியலில் இருந்து வந்தது பால் கலந்த காபி நிறத்தில் இருந்தது, தண்ணீர் போயிருக்கிறது. ஓடிச் சூடான, டிஃபரென்ஷியல் உள்ள ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கும், காற்று போய்வர இருக்கும் பிரீதர் துளை அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பிரீதரில் ஒரு ஹோஸ் மாட்டி பானெட் உயரத்துக்கு ஏற்றிவிட்டேன், சின்ன வேலைதான், அதன் பிறகு ஆயில் சுத்தமாகவே வருகிறது.

தினமும் வேலைக்குப் போக இருக்கும் ஒரே வண்டி இதுதான் என்றால் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். ஒரு ஸ்பேருக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டி வரும், அந்தப் பதற்றத்தில் ஆசையே வெறுத்துவிடும்.

இத்தனை பாடும் எதற்கு என்றால், 4 லோ போட்டு, முதல் கியரில், ஆக்சிலேட்டரில் காலே வைக்காமல், ஒரு கல் மேட்டில் வண்டி தானாக, நடக்கிற வேகத்தைவிட மெதுவாக ஏறும் பாருங்கள், அதற்காகத்தான். எந்தக் கல்லில் எந்தச் சக்கரம் ஏறுகிறது என்று உடம்புக்கே தெரியும். புது வண்டியில் நான் அந்த மேட்டுப் பக்கமே போயிருக்க மாட்டேன், ஒவ்வொரு கிளை உரசும்போதும் மனசு அடித்துக்கொள்ளும். இதில் ஏற்கெனவே பத்துக் கீறல் இருக்கிறது, பதினொன்றாவது விழுந்தால் விழட்டும் என்று ஏறிவிடுகிறேன்.

பின் ஸ்பிரிங் புஷ் (ஸ்பிரிங் மாட்டும் இடத்து ரப்பர் வளையம்) நேற்றுதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாட்ட வேண்டும்.