பவானிசாகர் முகாமை மேடையேற்ற நினைப்பவர்களுக்கு

ஈழப்போரில் தோற்று வந்தவர்களைப் பற்றி நாடகம் என்றதும் நம் கோவை, ஈரோட்டுப் பக்கத்துக் குழுக்கள் வரிச்சீருடைக்கும் குண்டுச் சத்தத்துக்கும்தான் முதலில் செலவு செய்கின்றன. என் கருத்து, முதலில் அளவு நாடாவை எடுங்கள்.

பவானிசாகர், அரச்சலூர், பூலுவப்பட்டி என்று இலங்கைத் தமிழ் அகதிகள் இருக்கும் எந்த முகாமை எடுத்தாலும், பழைய வீடு ஏறக்குறைய பத்துக்குப் பத்தடி. முப்பதடி மேடையில் மூன்று வீடு நிற்கும். நடிகர்கள் புழங்க இடம் பத்தவில்லை, பதினைந்தடியாக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அடுப்பும் பாயும் படிக்கிற பிள்ளையும் இருமுகிற கிழவியும் அந்தப் பத்தடிக்குள்தான் இருக்க வேண்டும். இடைச்சுவருக்குத் தார்ப்பாய் கட்டுங்கள். இந்த வீட்டில் சண்டை தொடங்கியதும் அடுத்த வீட்டில் பேச்சு நிற்கட்டும்.

முகாமில் ஆள் இருக்கிறாரா என்று அதிகாரிகள் பெயர் கூப்பிட்டுச் சரிபார்ப்பதுதான் தணிக்கை. அந்தக் காட்சியை ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். ஏழெட்டு நிமிடமாவது ஓட விடுங்கள். மேசை, பேரேடு, ஆர்.ஐ. என்னும் வருவாய் ஆய்வாளர், ஓரமாக முகாம்களைக் கண்காணிக்கும் கியூ பிரிவுக் காவலர் ஒருவர். பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக வந்து கையெழுத்து. பெயின்ட் வேலைக்குத் திருப்பூர் போனவன் வந்து சேரவில்லை என்றால் அரசு மாதாமாதம் தரும் உதவிப்பணம் நின்றுபோகும், பதிவுக்கே ஆபத்து வரும். குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 ரூபாய் என்பது 2021இல் உயர்த்தியது. 2010இல் நடக்கும் கதையில் இதைப் போட்டால் முகாம்காரர் ஒருவர் பார்த்ததுமே பிடித்துவிடுவார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, முன்னாள் போராளிக்கு வீர வசனம் கொடுப்பது. புலிகள் இயக்கத்துக்கு இங்கே 1992 முதல் தடை. விஷயம் வெளியே வந்தால், காவலில் அடைத்து வைக்கும் சிறப்பு முகாமுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். முதுகில் ஷெல் குண்டின் துண்டு இருந்தாலும், ஜி.எச்.சில் எக்ஸ்ரே எடுக்கலாம் என்றதும் வலி போய்விட்டது என்று எழுந்து வந்துவிடுவார். சேலம் மாவட்டத்துக் கொளத்தூர்ப் பக்கம் 1980களில் புலிகளின் பயிற்சி முகாம் நடந்ததைப் பெருமையாகச் சொல்லும் நம்மூர்க்காரர் ஒருவரை அவருக்கு எதிரில் உட்கார வையுங்கள்.

“ஏனுங் தம்பி, நீங்க சண்டையில இருந்தீங்ளா?”

“இல்லையண்ணை, நான் கடை வச்சிருந்தனான்.”

இதற்குக் கைத்தட்டல் வராது. வர வேண்டாம்.

தோற்றவர்கள் ஒரே இயக்கத்தாரும் அல்லர். 1990 மார்ச்சில் இந்திய அமைதிப்படை இலங்கையிலிருந்து திரும்பியபோது, புலிகளுக்கு எதிரணியில் இருந்த ஈ.பி.ஆர்.எல்.எப். இயக்கத்து ஆட்களும் குடும்பங்களும் கப்பலேறி, ஒரிசாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களையும் எழுதுங்கள்.

கதைக்கு முடிச்சு வேண்டுமா, சட்டத்திலேயே இருக்கிறது. இந்திய மண்ணில் 1-7-1987க்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த அண்ணன், இங்கே 1990இல் பிறந்த தங்கை. இருவருக்கும் ஒரே தாய், ஒரே முகாம் அட்டை. அண்ணன் குடியுரிமை கேட்டு வழக்குப் போடலாம். தங்கைக்கு அந்த வழி இல்லை. பிறப்புச் சான்றிதழைத் தூக்கிக் காட்டினால் பின்வரிசைக்குத் தெரியாது. தங்கை தேதியை வாய்விட்டுப் படிக்கட்டும்.

பேச்சிலும் கவனம் வேண்டும். அம்மா யாழ்ப்பாணத்துப் பேச்சு, பக்கத்து வீட்டார் மன்னார் அல்லது மலையகம். முகாமில் பிறந்த பெண் வீட்டில் “கதைக்கிறன்” என்பாள், சத்தியமங்கலம் பேருந்தில் ஏறினால் “சத்திக்கு ஒண்ணு குடுங்ணா” என்பாள். எல்லோரையும் ஒரே மாதிரி பேச வைப்பதற்குப் பதில், ஒத்திகைக்கு முன்பே பிரதியை முகாம்காரர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பெயின்ட் அடிக்கப் போகிறவர் உங்களுக்காக ஒரு நாள் நின்றால் அன்றைய கூலி போகும். அதை நாடகச் செலவில் முதல் வரியாக எழுதிவிடுங்கள், ஒத்திகையைத் தணிக்கை நாளில் வைக்காதீர்கள்.