டொயோட்டா மேல் இருக்கும் நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

"ஜப்பான்காரன் செஞ்சா உழைக்கும்" என்று நம் ஊரில் ரொம்ப சாதாரணமாகச் சொல்வோம். டொயோட்டா பற்றிப் பேச்சு வந்தால் இந்த வரி கட்டாயம் வரும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஜப்பானில் பிறந்துவிட்டதால் ஒரு வண்டி உழைத்துவிடாது. டொயோட்டாவே முதலில் செய்த வண்டிகள் உழைக்கவில்லை என்பதுதான் வரலாறு. அவர்கள் கற்றுக்கொண்ட ஒரு பழக்கம்தான் அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது: தப்பு கண்ணில் பட்ட உடனே வேலையை நிறுத்துவது. நான் இந்தக் கம்பெனியை மதிப்பது அதற்காகத்தான். அந்தப் பழக்கத்தை விட்ட இடங்களில் அதன் மேல் எனக்குக் கோபமும் உண்டு.

கதை காரில் தொடங்கவில்லை, தறியில் தொடங்குகிறது. கொங்குப் பக்கம் ஏர்ஜெட் தறி (காற்றால் நூலைச் செலுத்தும் தறி) ஓட்டுகிறவர்களுக்கு டொயோட்டா என்ற பெயர் தறி மூலமாகவும் தெரியும், அந்தக் குழுமம் இன்னமும் தறி செய்கிறது. அந்தக் குழுமத்துக்கு அடித்தளம் போட்ட சகிச்சி டொயோடா ஒரு தச்சரின் மகன், 1867இல் பிறந்தவர். கைத்தறியை எப்படி எளிதாக்குவது என்று யோசித்தே வாழ்நாளைக் கழித்தவர். 1924இல் அவர் முடித்த ஜி வகைத் தானியங்கித் தறியில் இரண்டு விஷயங்கள் பெரிது. ஒன்று, தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா தானாக மாறிக்கொள்ளும். இரண்டாவது, நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். நெசவு தெரிந்தவர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. ஒரு பாவு நூல் அறுந்ததைக் கவனிக்காமல் தறி ஓடிக்கொண்டே இருந்தால் கெஜக்கணக்கில் துணி வீணாகும், அதனால் ஒவ்வொரு தறிக்கும் ஒரு ஆள் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருக்க வேண்டும். தறியே நின்றுகொள்ளும் என்றால் ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம், கெட்ட துணியும் வெளியே போகாது. தறி இயந்திரங்களுக்குப் பேர் போன இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனியே 1929இல் இந்தத் தறியைச் செய்யும் உரிமைக்கு 1 லட்சம் பவுண்டு தர ஒப்பந்தம் போட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகன் கீச்சிரோவுக்குக் கார் மேல் ஆசை. 1933இல் தறி ஆலைக்குள்ளேயே ஒரு கார் பிரிவைத் தொடங்கினார். அமெரிக்க வண்டிகளை வாங்கிப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். 1935இல் ஜி1 என்ற லாரி வந்தது. அது வழியில் அடிக்கடி நின்றுபோகும் லாரி. ஆட்கள் போய்ச் சரிசெய்வது, எந்தப் பாகம் உடைந்தது என்று பார்ப்பது, அதைத் திருத்துவது என்றே அந்த ஆரம்ப நாட்கள் போயின. 1936இல் ஏஏ என்ற முதல் கார், 1937இல் தனிக் கம்பெனி. அப்புறம் போர், போருக்குப் பின் பணமுடை. 1950இல் வேலைநிறுத்தம், ஆட்குறைப்பு, கம்பெனி மூழ்கும் நிலை. கீச்சிரோ பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதே மாதம் கொரியப் போர் தொடங்கி அமெரிக்க ராணுவத்தின் லாரி ஆர்டர்கள் வந்ததால்தான் கம்பெனி பிழைத்தது. அந்த மனிதர் 1952இல் இறந்துபோனார், தன் பெயரில் இருக்கும் கம்பெனி உலகம் முழுக்க ஓடுவதைப் பார்க்கவில்லை. எனக்கு இந்த இடம் எப்போது படித்தாலும் மனசு கனக்கும்.

கையில் காசு இல்லாத அந்தக் காலத்தில்தான் டொயோட்டாவின் உண்மையான கண்டுபிடிப்பு நடந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த எய்ஜி டொயோடா 1950இல் அமெரிக்கா போய் ஃபோர்டின் பிரம்மாண்டமான ரூஜ் ஆலையைப் பார்த்துவிட்டு வந்தார். அதே மாதிரி கட்ட ஜப்பானில் அவர்களிடம் பணமும் கிடையாது, அவ்வளவு விற்கச் சந்தையும் கிடையாது. தறி ஆலையிலிருந்து கார் ஆலைக்கு வந்திருந்த தைச்சி ஓனோ என்ற பொறியாளர் வேறு வழி பார்த்தார். தேவையான பாகம், தேவையான நேரத்தில், தேவையான எண்ணிக்கையில் மட்டும் வரட்டும், கிடங்கில் குவிக்க வேண்டாம். தறியில் இருந்த அந்த யோசனையை அப்படியே கார் வரிசைக்குக் கொண்டுவந்தார்: கோளாறு தெரிந்தால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுக்கலாம், விளக்கு எரியும், மேற்பார்வையாளர் ஓடி வருவார், உடனே தீராவிட்டால் வரிசையே நிற்கும். நின்ற பிறகு ஏன், ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு அடிவேர் வரை போக வேண்டும். அன்றைக்கு மற்ற கார் ஆலைகளில் வரிசையை நிறுத்துவது பெரும் குற்றம். கோளாறோடே கார் ஓடி முடியட்டும், கடைசியில் ஒரு மூலையில் வைத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்பதுதான் அங்கே வழக்கம். சாதாரணத் தொழிலாளியின் கையில் ஆலையை நிறுத்தும் அதிகாரத்தைக் கொடுத்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஏதாவது ஒரு தொழிற்சாலையில் ஒரு ஷிஃப்ட் பார்த்தவர்களுக்குப் புரியும்.

இது ஜப்பான் ரத்தத்தில் வந்த குணம் இல்லை என்பதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்று 1982இல் மூடப்பட்டது. வேலைக்கு வராமை, தகராறு, தரமில்லாத கார்கள் என்று பேர் கெட்ட ஆலை. 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து அதை நும்மி என்ற பெயரில் திறந்தார்கள். பெரும்பாலும் அதே பழைய தொழிலாளர்கள், அதே சங்கம். ஆனால் இந்த முறை கயிறு அவர்கள் கையில் இருந்தது. கொஞ்ச காலத்திலேயே ஜப்பானில் செய்யும் கார்களோடு போட்டி போடும் தரத்தில் அங்கிருந்து கார் வந்தது. "நம்ம ஆளுங்களுக்கு அந்த ஒழுக்கம் வராது" என்று சொல்கிறவர்களிடம் நான் எப்போதும் இந்த ஆலையைத்தான் சொல்வேன்.

விற்பனையிலும் அவர்கள் நிறுத்தத் தெரிந்தவர்கள். 1957இல் கிரவுன் காரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். ஜப்பானின் மோசமான சாலைகளுக்கு உழைத்த வண்டி, அமெரிக்க நெடுஞ்சாலை வேகத்தில் சூடேறி அதிர்ந்தது. 1958இல் மொத்தமே 288 வண்டிதான் விற்றது, அதில் ஒன்று லேண்ட் குரூசர் என்ற ஜீப் மாதிரி வண்டி. விளம்பரத்தை ஏற்றி எப்படியாவது தள்ளிவிடலாம் என்று நினைக்காமல் அந்தக் காரின் ஏற்றுமதியை நிறுத்திவிட்டு, லேண்ட் குரூசரை வைத்து ஒப்பேற்றி, 1965இல் அந்தச் சாலைகளுக்கு ஏற்ற கொரோனா என்ற காரோடு திரும்பினார்கள். அது பிடித்துக்கொண்டது. 1966இல் கொரோலா. அதன் தலைமைப் பொறியாளர் டாட்சுவோ ஹசெகாவா விமானம் வடிவமைத்தவர். எல்லா விஷயத்திலும் 80 மதிப்பெண் வாங்க வேண்டும், ஒன்றில்கூடக் கீழே போகக் கூடாது, சிலவற்றில் அதற்கு மேலே போக வேண்டும் என்பது அவர் கணக்கு. டொயோட்டா வைத்திருப்பவர்கள் இன்றைக்கும் சொல்வது கிட்டத்தட்ட இதைத்தான். பறக்கும் வேகம் இல்லை, பார்த்தவுடன் மயக்கும் அழகு இல்லை, ஆனால் எதிலும் கைவிடாது. கொரோலா என்ற பெயரில் 5 கோடிக்கு மேல் கார்கள் விற்றாகிவிட்டன.

சரி, நம் பக்கம் வருவோம். பெங்களூர் பக்கத்தில் பிடதியில் ஆலை போட்டு 2000 ஜனவரியில் குவாலிஸ் விட்டார்கள். இந்தோனேஷியாவில் கிஜாங் என்று ஓடிக்கொண்டிருந்த வண்டியின் நம்மூர் வடிவம் அது. பழைய டப்பா மாதிரி இருக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. 2.4 லிட்டர் டீசல், டர்போ கிடையாது, பின்னால் பட்டை ஸ்பிரிங், கெட்டுப்போக எலெக்ட்ரானிக்ஸ் என்று பெரிதாக எதுவும் இல்லை. டிராவல்ஸ்காரர்கள் அழகு பார்த்து வண்டி எடுப்பதில்லை. அவர்கள் கணக்கு வேறு: கார்த்திகை, மார்கழியில் சபரிமலை சீசன், அது முடிந்தால் கோடையில் ஊட்டி, கொடைக்கானல், நடுவில் முகூர்த்த நாட்கள். இந்த நாட்களில் வண்டி ஷெட்டில் நின்றால் வாடகையும் போச்சு, பார்ட்டியும் போச்சு. என் சித்தப்பா டிராவல்ஸ் வைத்திருந்தார், அவர் வண்டியைப் பற்றிப் பேசினால் மைலேஜ் முதலில் வராது. "ராத்திரி ஒரு மணிக்கு மலை மேல குடும்பத்தோட நிக்க வைக்காது" என்பதுதான் முதலில் வரும். கொண்டை ஊசி வளைவில், முழு லோடில், பின் சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போது அந்த நம்பிக்கைக்கு விலை போட முடியாது. டொயோட்டாவின் ஈர்ப்பு இதுதான் என்று நான் நினைக்கிறேன். வண்டியைப் பற்றி யோசிக்காமல் போகிற காரியத்தை யோசிக்கலாம்.

அந்தக் குவாலிஸ் நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே 2005இல் நிறுத்திவிட்டு இன்னோவா கொண்டுவந்தார்கள். "ஓடுற குதிரையை ஏன் நிறுத்துறாங்க" என்று அன்றைக்கு டிரைவர்கள் வருத்தப்பட்டார்கள். இன்னோவா ஓட்டிப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு அடங்கியது. லேடர் சேஸிஸ் (ஏணி மாதிரியான இரும்புச் சட்டம்) மேல் உட்கார்ந்த பாடி, பின்சக்கர இழுவை, 2.5 லிட்டர் டீசல், நடு சீட்டில் உட்கார்ந்தால் கார் மாதிரி சொகுசு. அமைச்சர் வாகன வரிசையிலும் அதுதான், ஏர்போர்ட் டாக்சியும் அதுதான், கல்யாண மாப்பிள்ளை ஊர்வலமும் அதுதான். மூன்று லட்சம், நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்னோவாவை இன்றும் யாரும் ஆச்சரியமாகப் பார்ப்பதில்லை. எந்தச் சின்ன ஊர் மெக்கானிக்குக்கும் அதன் உள்ளும் புறமும் தெரியும், பாகம் எங்கும் கிடைக்கும், விற்கப் போனால் நல்ல விலை நிற்கும்.

இலங்கைத் தமிழர்களிடம் கேட்டால் இதே மாதிரி ஹயஸ் வேனைச் சொல்வார்கள். அவர்களுக்கு அது டொல்பின். 2020இல் அங்கே வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, பல வருடம் ஓடிய வண்டிகள் வாங்கிய விலைக்கு மேல் விற்றன.

இவ்வளவு சொல்லிவிட்டு மறுபக்கத்தை விட்டால் அது நியாயமில்லை. 2009–10இல் அமெரிக்காவில் வேகம் தானாகக் கூடியது என்ற புகார்கள் குவிந்தன, உயிர்கள் போயின. மிதியடி பெடலில் சிக்குவது, ஆக்சிலரேட்டர் பெடல் ஒட்டிக்கொள்வது என்று லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். எலெக்ட்ரானிக்ஸ் காரணம் என்று நாசா நடத்திய ஆய்வில் தெரியவரவில்லை. ஆனால் தெரிந்த கோளாறைப் பற்றி வாடிக்கையாளர்களிடம் உண்மையை மறைத்தது நிஜம். 2014இல் அதற்காக அமெரிக்க நீதித்துறையிடம் 120 கோடி டாலர் கட்டினார்கள். நூல் அறுந்தது தெரிந்தும் தறியை ஓட விட்டார்கள் என்றுதான் நான் இதைச் சொல்வேன். 2023 கடைசியில் துணை நிறுவனம் டைஹாட்சு பாதுகாப்புச் சோதனைகளில் பல வருடமாக முறைகேடு செய்தது வெளியே வந்தது. டொயோட்டா பெயரில் விற்ற வண்டிகளும் அதில் இருந்தன. அடுத்த மாதமே டீசல் இன்ஜின்களின் குதிரைத்திறன் சோதனையில் முறைகேடு, இந்தியாவில் இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் வண்டிகளை அனுப்புவதைக் கொஞ்ச நாள் நிறுத்தினார்கள். அந்த இன்ஜின்கள் ரோட்டில் கெட்டுப்போகவில்லை என்பது உண்மைதான். அதற்காக "சின்ன விஷயம்" என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. சோதனையை ஏமாற்றும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் கயிற்றை இழுக்கும் கை தயங்க ஆரம்பிக்கும்.

இன்னொரு பக்கம் 2022இல் அவர்களுடைய பிஇசட்4எக்ஸ் மின்சாரக் காரில் சக்கர போல்ட் தளர்வது தெரிந்தபோது, உலகம் முழுக்க விற்றதே சில ஆயிரம்தான், "ஓட்டவே வேண்டாம்" என்று சொல்லித் திரும்ப அழைத்தார்கள். அவமானம்தான், ஆனால் இதுதான் எனக்குத் தெரிந்த டொயோட்டா.

நம் ஊரில் சுசுகி காருக்கு டொயோட்டா முத்திரை போட்டு விற்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. டொயோட்டா கிளான்ஸா நல்ல கார், சுசுகி பலேனோவும் நல்ல கார், இரண்டும் ஒரே கார். வாங்குகிறவர் இன்னோவாவின் உழைப்பை மனசில் வைத்து வாங்குகிறார் என்றால் அந்த உழைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்து வாங்கட்டும். பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓடும் இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் அருமையான வண்டி, நகரத்துக்குள் அதன் மைலேஜுக்கு முன் பழைய டீசல் நிற்க முடியாது. ஆனால் அது முன்சக்கர இழுவை, லேடர் சேஸிஸ் கிடையாது, மேல் மாடல் 30 லட்சத்தைத் தாண்டுகிறது. குவாலிஸ் வைத்துப் பிழைத்த சின்ன டிராவல்ஸ்காரருக்கு இன்று டொயோட்டாவிடம் அதன் சொந்த வண்டி என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. இது எனக்குப் பெரிய குறை.

பழைய இன்னோவா தேடுகிறவர்கள் இன்பாக்ஸில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2.5 டீசலில் டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள், பில்லோடு கேளுங்கள். இன்ஜெக்டர், டர்போ இரண்டையும் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள், அடியில் சேஸிஸில் துரு பாருங்கள், கடற்கரை ஊர் வண்டி என்றால் இன்னும் நன்றாகப் பாருங்கள். மஞ்சள் போர்டில் ஓடி வெள்ளைக்கு மாற்றிய வண்டியா என்று ஆர்சியில் பாருங்கள், ஓடியிருந்தால் தப்பில்லை, மறைத்தால்தான் தப்பு. இந்த வண்டி ஓடும் என்ற நம்பிக்கையை வைத்தே மீட்டரைத் திருப்பி விற்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒழுங்கான சர்வீஸ் பில்லோடு வரும் மூன்று லட்சம் கிலோமீட்டர் வண்டியைத் தாராளமாக எடுங்கள். மீட்டர் எண்பதாயிரம் காட்டி, பில் ஒன்றுகூட இல்லாமல் வரும் வண்டியை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.