சத்தமில்லாத குழப்பமும் உண்டு
அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதியவர்களுக்கு வரும் திடீர் மனக்குழப்பத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனுக்கும் பங்கு உண்டு என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான். வழக்கமாக அந்த ஹார்மோன் விடியற்காலையில் ஏறி, நள்ளிரவில் அடங்கிவிடும். உடம்பில் கத்தி பட்டாலோ கிருமி தொற்றினாலோ இரவிலும் இறங்காமல் நிற்கலாம்.

அப்பாவுக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்த இரண்டாம் இரவு, போர்வையில் எறும்பு ஊர்கிறது என்று விடாமல் தட்டிக்கொண்டே இருந்தார். மறதி நோய் வந்துவிட்டது என்றே பயந்தோம். மூக்குக்கண்ணாடியும் காது மெஷினும் பையிலேயே கிடந்திருக்கின்றன! அவற்றை மாட்டிவிட்டு, ராத்திரி விளக்கை அணைத்துத் தூங்கவிட்டோம். நான்கு நாளில் தெளிந்தார்.

அப்புறம் ஒன்று. கத்துகிறவரைத்தான் எல்லோரும் கவனிக்கிறார்கள். யாரோடும் பேசாமல் சோர்ந்து படுத்திருப்பதும் இதே குழப்பமாக இருக்கலாம். கட்டுரையில் அது விட்டுப்போயிருக்கிறது.