ஸ்டேஷனுக்கு மிக அருகில்

(சென்னை பாரிமுனையில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இயங்கும் அலுவலகம். மதிய உணவு வேளை. திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்திருக்கும் இசக்கிமுத்து இப்போதைக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் தங்கியிருக்கிறார். அடுத்த மாதம் குடும்பம் வந்துவிடும் என்பதால் வீடு தேடுகிறார். கணக்குப் பிரிவில் இருக்கும் வேதாசலம் கூடுவாஞ்சேரியில் சொந்த வீடு கட்டியவர். புறநகரைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் அவரிடம் விடை உண்டு என்பதும், அந்த விடை எப்போதும் ஒரே ஊராக இருக்கும் என்பதும் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். இசக்கிமுத்து புதியவர்.)

இசக்கிமுத்து: அண்ணாச்சி, உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். நகரத்துக்குள் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது என்று தெரிந்துவிட்டது. புறநகரில் எந்தப் பக்கம் வீடு பார்த்தால் அலுவலகத்துக்கு வந்து போக வசதியாக இருக்கும்?

வேதாசலம்: தயிர்சாதத்தை மூடி வைத்துவிட்டுப் பேச வேண்டிய விஷயம் தம்பி இது. சென்னையிலிருந்து மூன்று திசைகளில் மின்சார ரயில் போகிறது. நான்காவது திசையில் கடல் இருக்கிறது. வடக்கே கும்மிடிப்பூண்டி, மேற்கே அரக்கோணம், தெற்கே செங்கல்பட்டு. இவை தவிர வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் என்று ஒன்று ஓடுகிறது; அது பறந்து நான் பார்த்ததில்லை. உங்களுக்கு எந்தத் திசை பிடிக்கிறது, சொல்லுங்கள். அது ஏன் சரிப்படாது என்று நான் சொல்கிறேன்.

இசக்கிமுத்து: மீஞ்சூர், பொன்னேரி பக்கம் வாடகை மிகவும் குறைவு என்று ஒரு தரகர் சொன்னார்.

வேதாசலம்: உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார், தரகர்கள் சில சமயம் அப்படியும் தவறிவிடுவதுண்டு. ஆனால் அந்தப் பாதையில் பாதி வழிக்கு மேல் புறநகர் வண்டிக்கென்று தனித் தண்டவாளம் கிடையாது. விஜயவாடா பக்கம் போகிற எக்ஸ்பிரஸும் சரக்கு வண்டியும் நம்முடைய வண்டியும் ஒரே தண்டவாளத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். எக்ஸ்பிரஸ் வருகிறது என்றால் நம்மை ஓரமாக நிறுத்திவிடுவார்கள். நீங்கள் இங்கே வருகைப் பதிவேட்டில் தாமதம் என்று எழுதிவிட்டு, காரணம் என்ற இடத்தில் ஹௌரா மெயில் என்று எழுதினால் மேலாளர் ஒப்புக்கொள்வாரா?

இசக்கிமுத்து: உங்கள் பக்கமும் எக்ஸ்பிரஸ் வண்டிகள் போகின்றனவே அண்ணாச்சி? நான் வந்ததே அந்தப் பாதையில்தான்.

வேதாசலம்: போகின்றன. ஆனால் மரியாதையாகப் போகின்றன.

இசக்கிமுத்து: சரி, மேற்கே பார்க்கலாம். அம்பத்தூர், ஆவடி எல்லாம் வளர்ந்த ஊர்கள். ஆவடி 2019-லேயே மாநகராட்சி ஆகிவிட்டது. சென்ட்ரலிலிருந்து ஏறக்குறைய 22 கிலோமீட்டர்தான். நீங்கள் இருக்கிற கூடுவாஞ்சேரி கடற்கரை ஸ்டேஷனிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் போலிருக்கிறதே?

வேதாசலம்: தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பது வெளியூர்க்காரர்களின் பழக்கம். ஆவடியிலிருந்து வருகிறவர் பெரும்பாலும் சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்குவார். அங்கிருந்து சுரங்கப்பாதையில் கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்து, வெளியே வந்து பேருந்து பிடிக்கலாமா நடக்கலாமா என்று யோசித்து, கடைசியில் நடந்து, வியர்வையோடு பாரிமுனை வந்து சேருவார். கடற்கரைக்கே நேராக வருகிற வண்டிகளும் அந்தப் பாதையில் சில உண்டு. அவை உங்கள் அலுவலக நேரத்தை விசாரித்துக்கொண்டு புறப்படுவதில்லை. எங்கள் பாதையில் கடற்கரையில் இறங்கினால் சாலையைக் கடந்த உடனே நாற்காலிதான்.

இசக்கிமுத்து: அப்படியானால் தெற்குப் பாதைதான். குரோம்பேட்டை, பல்லாவரம் எப்படி?

வேதாசலம்: அருமையான ஊர்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, காய்கறிச் சந்தை, துணிக்கடை என்று எல்லா வசதியும் உண்டு. காலையில் ரயிலுக்குள் ஏறும் வசதி மட்டும் இல்லை. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் 1931-லேயே மின்சார ரயில் விட்டுவிட்டார்கள் தம்பி. அன்றைக்கு உட்கார இடம் பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கும் உட்கார்ந்து வருகிறார்கள். நடுவழி ஸ்டேஷனில் குடியிருக்கிறவன் வாழ்நாள் முழுவதும் நிற்க வேண்டியதுதான்.

இசக்கிமுத்து: அதனால்தான் வண்டி புறப்படுகிற தாம்பரத்தையே பார்க்கலாம் என்று நினைத்தேன். உட்கார்ந்து வரலாமே? தாம்பரத்தோடு திரும்பிவிடுகிற வண்டிகள்தான் அதிகம் என்று கால அட்டவணையிலும் பார்த்தேன்.

வேதாசலம்: (சற்றே நெளிந்து) கால அட்டவணையெல்லாம் பார்த்தீர்களா? தாம்பரத்தில் ஸ்டேஷனுக்கு அருகே வாடகை, கிட்டத்தட்ட நகரத்து வாடகைதான். மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் என்று தள்ளிப் போனால் குறையும். 2015 டிசம்பரில் அந்தப் பக்கத்து மக்களைப் படகில் ஏற்றி வெளியே கொண்டுவந்தார்கள். அங்கே வீடு பிடித்தால் வீட்டுக்காரரிடம் மட்டுமல்ல, அடையாற்றிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

இசக்கிமுத்து: எல்லா ஊருக்கும் ஒரு குறை சொல்லிவிட்டீர்கள். மீதி இருப்பது...

வேதாசலம்: நானாக எதுவும் சொல்லவில்லை. நீங்களே அந்த முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். கூடுவாஞ்சேரியிலிருந்து கடற்கரைக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். காற்று, நிலத்தடி நீர், அமைதி எல்லாம் உண்டு. மேலும் நீங்கள் திருநெல்வேலிக்காரர். உங்கள் ஊருக்குப் போகிற பேருந்தெல்லாம், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் முனையத்திலிருந்துதான் புறப்படுகிறது. தீபாவளிக்கு முந்தைய இரவு சென்னையே ஜிஎஸ்டி சாலையில் நின்றுகொண்டிருக்கும்போது, நீங்கள் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு நிதானமாகப் போய் ஏறலாம்.

இசக்கிமுத்து: தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வசதியாகப் போவதற்காக, மற்ற நாளெல்லாம் அலுவலகத்துக்கு அவ்வளவு தூரம் வர வேண்டுமா அண்ணாச்சி? அது போகட்டும். உங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷன் எவ்வளவு தூரம்?

வேதாசலம்: மிக அருகில்.

இசக்கிமுத்து: நடந்து போகிற தூரமா?

வேதாசலம்: நடக்க வேண்டும் என்று உறுதி எடுத்துக்கொண்டவருக்கு எதுவும் நடக்கிற தூரம்தான். நெல்லிக்குப்பம் சாலையில் சற்று உள்ளே போக வேண்டும். அதாவது, சாலையிலிருந்தும் சற்று உள்ளே.

இசக்கிமுத்து: மனை வாங்கும்போது தூரத்தைப் பார்க்கவில்லையா?

வேதாசலம்: பார்க்காமல் வாங்குவேனா? மனைப்பிரிவு போட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தாம்பரத்திலிருந்து வேனில் அழைத்துப் போனார்கள். ஏறியதும் இட்லிப் பொட்டலம், இறங்கியதும் இளநீர், மதியம் பிரியாணி. கையில் கொடுத்த வண்ணத்தாளில் 'ஸ்டேஷனுக்கு மிக அருகில்' என்று போட்டிருந்தது. நானும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் போனேன்; கூடுவாஞ்சேரி ஸ்டேஷனிலிருந்து மனைக்குப் பத்தே நிமிடம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், ஆளில்லாத சாலையில், அந்த வேன் ஓட்டுநர் போன வேகத்தில் போனால் இன்றைக்கும் பத்து நிமிடம்தான். நம்முடைய அலுவலகம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இயங்காதது யாருடைய குற்றம்?

இசக்கிமுத்து: திங்கட்கிழமை எவ்வளவு ஆகும்?

வேதாசலம்: ஸ்கூட்டரில் 25 நிமிடம். பிறகு ஸ்டேஷன் பக்கத்து ஸ்டாண்டில் விட வேண்டும். அங்கே ஒரு நடைமுறை இருக்கிறது. காலையில் நாம் எவ்வளவு முன்னால் விட்டுவிட்டுப் போனாலும், சாயங்காலம் வந்து பார்க்கும்போது நம் வண்டி கடைசி வரிசையில், சுவரோடு ஒட்டி, ஹேண்டில் பூட்டிய நாலைந்து பைக்குகளுக்குப் பின்னால்தான் இருக்கும். ஸ்டாண்டுக்காரப் பையன் ஒவ்வொன்றின் பின் சக்கரத்தையும் தூக்கித் தூக்கி நகர்த்தி வழி செய்து கொடுப்பான். அதற்குள் பக்கத்தில் வறுத்த கடலை வாங்கிக்கொள்ளலாம்.

இசக்கிமுத்து: (காகிதத்தில் எழுதியபடி) ஸ்கூட்டருக்கு 25, ஸ்டாண்டுக்கு 5, வண்டிக்குக் காத்திருக்க 10, ரயிலில் 75, இங்கே இறங்கி மாடி ஏற 10. ஆக மொத்தம் 125 நிமிடம். போக வர நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிறதே அண்ணாச்சி!

வேதாசலம்: அதில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேனே, அதை ஏன் எழுதவில்லை? வீட்டில் நான் இரண்டரை நிமிடம் உட்கார்ந்தால் ரேஷன் கடைக்குப் போகச் சொல்வார்கள்.

இசக்கிமுத்து: குளிர்சாதன வண்டி விட்டிருக்கிறார்களே, அதில் வரலாமே?

வேதாசலம்: 2025 ஏப்ரலில் விட்டார்கள். சாதாரண வண்டியில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய், அதில் 35 ரூபாய். நம்முடைய சீசன் அதில் செல்லாது. அதைவிடப் பெரிய குறை, அதன் கதவு தானாக மூடிக்கொள்கிறது. புறப்பட்ட வண்டியை ஓடி வந்து பிடிக்கிற திறமையை இத்தனை ஆண்டுகள் வளர்த்து வைத்திருக்கிறோம். அதற்கு அங்கே மதிப்பே இல்லை.

இசக்கிமுத்து: இன்னொன்றையும் சொல்ல மறந்துவிட்டேன் அண்ணாச்சி. என் மனைவிக்குச் சோழிங்கநல்லூரில் வேலை கிடைத்திருக்கிறது.

வேதாசலம்: (கரண்டியைக் கீழே வைத்துவிட்டு) சோழிங்கநல்லூரா? மூன்று திசையும் சுற்றிக் காட்டிய பிறகு சொல்கிற செய்தியா இது? ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில் கடலுக்கு இந்தப் பக்கம் எல்லாம் இருக்கிறது, ரயில் மட்டும் கிடையாது. மெட்ரோவுக்காகச் சாலை நடுவே தூண் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். (யோசிக்கிறார்; முகம் மலர்கிறது.) ஆனாலும் பரவாயில்லை. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கத்துக்கு நேர் சாலை இருக்கிறது. கேளம்பாக்கத்தில் இடது பக்கம் திரும்பி வடக்கே வந்தால் சோழிங்கநல்லூர். வண்டலூர் எங்கே இருக்கிறது? கூடுவாஞ்சேரிக்கு மிக அருகில்.

இசக்கிமுத்து: 'மிக அருகில்' என்றால் எவ்வளவு என்று இப்போது எனக்குத் தெரியும் அண்ணாச்சி. நான் வேறு ஒன்று யோசித்தேன். வேளச்சேரியில் பார்த்தால் என்ன? 2007-இலிருந்து அங்கே பறக்கும் ரயில் வருகிறது. நான் ஏறினால் கடற்கரையில் இறங்கிவிடலாம், ஒரு மணி நேரம்கூட ஆகாது. என் மனைவி தரமணி இணைப்புச் சாலை வழியாகப் பேருந்தில் ஓஎம்ஆர் போய்விடலாம். இருவருக்கும் நடுவில் இருக்கிற ஊர் அது ஒன்றுதான்.

வேதாசலம்: வேளச்சேரியா? வானிலை மையம் மழை என்று ஒரு வார்த்தை சொன்னவுடன், அந்த ஊர்க்காரர்கள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு வந்துவிடுவார்கள். காருக்குக்கூட அங்கே மாற்று வீடு தேவைப்படுகிறது.

இசக்கிமுத்து: என்னிடம் கார் இல்லை அண்ணாச்சி. வீடும் இரண்டாவது மாடியில்தான் பார்க்கிறேன்.

வேதாசலம்: அந்த ரயிலை நம்பாதீர்கள். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவே நான்காவது பாதை போடுகிறோம் என்று, 2023 ஆகஸ்டிலிருந்து 2024 அக்டோபர் வரை அதைச் சிந்தாதிரிப்பேட்டையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இசக்கிமுத்து: நிறுத்தினார்கள்; பிறகு மீண்டும் விட்டுவிட்டார்கள். வாடகை கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் பெட்ரோல், ஸ்டாண்டு, வறுத்த கடலை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் பெரிதாக இல்லை. போதாததற்கு, அந்த வண்டியில் போன சனிக்கிழமை போய்ப் பார்த்தேன், காற்றாட உட்கார்ந்து வரலாம்.

வேதாசலம்: காற்றாட உட்கார்ந்து வந்து என்ன பயன்? பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் வேண்டாமா?

இசக்கிமுத்து: (கூர்ந்து பார்த்து) அண்ணாச்சி, மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டு மாடிப் பகுதி காலியாக இருக்கிறதோ?

வேதாசலம்: மாடியே கட்டவில்லை தம்பி. கீழ்த்தளத்துக்கு வாங்கிய கடனே இன்னும் முடியவில்லை.

இசக்கிமுத்து: பிறகு ஏன் என்னை அங்கே அழைத்துப் போவதில் இவ்வளவு ஆர்வம்?

வேதாசலம்: (குரலைத் தாழ்த்தி) சாயங்காலம் எங்கள் வண்டியில் நாங்கள் நான்கு பேர், எதிரெதிர் இருக்கையில் உட்கார்ந்து வருவோம். மூன்று பேருக்கு முழங்கால் வலி. நான்காமவர் ஒருவர்தான் வண்டி நடைமேடையில் நிற்பதற்கு முன்பே உள்ளே பாய்ந்து, நான்கு கைக்குட்டைகளையும் போட்டு இடம் பிடிப்பார். போன மாதம் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அன்றிலிருந்து சைதாப்பேட்டை தாண்டும் வரை நின்றுகொண்டே போகிறோம். நீங்கள் இளைஞர்; முதல் நாள் மின்விளக்கு அணைந்தபோது மாடிப்படியில் நீங்கள் இறங்கிய வேகத்தை நான் கவனித்தேன்.

இசக்கிமுத்து: இதற்கு நான் கூடுவாஞ்சேரியில் குடியேற வேண்டியதில்லை. வேளச்சேரி வண்டிக்கும் நான் கடற்கரை ஸ்டேஷனுக்குத்தானே வர வேண்டும்? உங்கள் வண்டியில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து, உங்களை உட்கார வைத்துவிட்டு, நான் அடுத்த நடைமேடைக்குப் போய் என் வண்டியில் ஏறிக்கொள்கிறேன்.

வேதாசலம்: (நெடுநேரம் யோசித்து) வேளச்சேரி ஒன்றும் மோசமான ஊர் இல்லை. நான் அப்படிச் சொல்லவும் இல்லை. இன்றைக்கே ஒத்திகை பார்த்துவிடலாம். வண்டி தெற்கு நோக்கிப் போகும். சாயங்கால வெயில் வலது பக்கத்து ஜன்னலில்தான் அடிக்கும். அதனால் இடது பக்கம் போட வேண்டும். கைக்குட்டை மட்டும் போட்டால் சிலர் எடுத்துக் கீழே வைத்துவிடுகிறார்கள். இந்தச் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொள்ளுங்கள்.