படைவீரர்களின் வாரிசுகள் மட்டும்தானா?
சைப்ரஸில் உள்ள துருக்கியர்கள் எல்லோரும் 1571இல் தீவைப் பிடித்த ஒட்டோமான் படையின் வாரிசுகள் என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. பாதிதான் சரி. படைவீரர்கள் தங்கினார்கள், சுல்தானின் ஆணைப்படி அனத்தோலியாவிலிருந்து குடும்பங்களும் கொண்டுவரப்பட்டன, உண்மைதான். ஆனால் தீவிலேயே இருந்த கிறிஸ்தவர்கள் பலரும் மதம் மாறினார்கள். வரிச்சுமை அதற்கு ஒரு முக்கியக் காரணம். வெளியே முஸ்லிம், உள்ளே கிறிஸ்தவர் என்று வாழ்ந்த லினோபம்பாகி என்று ஒரு கூட்டமே இருந்தது. பிள்ளைக்கு ஞானஸ்நானமும் உண்டு, சுன்னத்தும் உண்டு, பெயரும் இரண்டு! லுரூஜினா கிராமத்து முஸ்லிம்களோ கிரேக்கம் பேசி வாழ்ந்தவர்கள். இவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? "அப்படியானால் எல்லோரும் கிரேக்கர்கள்தான்" என்று அந்தக் கட்டுரையின் பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். அதுவும் அவசரம். ஒட்டோமான்களுக்கு முன் பிரெஞ்சு வழிவந்த லூசிக்னான் அரச வம்சம் சுமார் 300 ஆண்டுகள் ஆண்டது, அப்புறம் வெனிசியர்கள். யாரும் யாரோடும் கலக்கவில்லை என்றால் நம்ப முடியுமா? 1974இல் துருக்கிப் படை தீவின் வடபகுதியைப் பிடித்த பின் துருக்கியிலிருந்து வந்து குடியேறியவர்கள் கதை வேறு, அதை இதோடு குழப்ப வேண்டாம். என்னைக் கேட்டால், வம்சத்தைவிட சட்டம்தான் இவர்களைப் பிரிக்கும் கோட்டை அழுத்தமாகப் போட்டது. 1960 அரசியலமைப்பில் குடிமக்களுக்கு இருந்தவை கிரேக்கர், துருக்கியர் என்ற இரண்டே சமூகங்கள். கோர்மகிதி ஊரில் அரபி பேசிய மாரோனியக் கிறிஸ்தவர்கள்கூட இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது; அவர்கள் கிரேக்கச் சமூகத்தில் சேர்ந்தார்கள்.