மாரி செல்வராஜ் படங்களை எங்கிருந்து தொடங்குவது? 'வாழை'யிலிருந்து வேண்டாம்

திருநெல்வேலி என்றதும் அல்வாவுக்கு அடுத்தபடியாக வெளியூர்க்காரர்கள் இப்போது நம்மிடம் கேட்பது மாரி செல்வராஜைப் பற்றித்தான். போன வாரம் கோயம்புத்தூரில் இருக்கும் அத்தை மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டான்: "அத்தான், உங்க ஊர்க்காரர் படம் ஒண்ணுகூடப் பார்த்ததில்ல. எதுல ஆரம்பிக்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் நாலைந்து பதில்கள் வந்துவிட்டன. எல்லாமே 'வாழை'. சின்னப் படம், பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம், வெட்டுக்குத்து கிடையாது, கடைசியில் அழுகை வந்துவிடும். ஒரு சித்தப்பா இன்னும் ஒரு படி மேலே போய், "அதுலதான் சாதி கீதின்னு ஒண்ணும் இருக்காது" என்று எழுதியிருந்தார்.

நான் 'வாழை'யில் தொடங்காதே என்று மட்டும் போட்டேன். அந்தக் குழுவில் விளக்கம் எழுத முடியாது. எழுதினால் பெரியம்மா ஒரு குட் மார்னிங் படத்தைப் போட்டு மூடிவிடுவார். அதனால் இங்கே.

முதலில் ஒன்று. 'வாழை' மோசமான படம் இல்லை. கைத்தொழிலாகப் பார்த்தால் அவர் எடுத்ததிலேயே அதிகம் பிசிறில்லாத படம் அதுதான். ஸ்ரீவைகுண்டம், கருங்குளம் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தாமிரபரணித் தண்ணீர் பாயும் அந்த வயல்களில் வாழைத்தார் எப்படி வெளியே வருகிறது என்று. லாரி வயலுக்குள் இறங்காது. வெட்டிய தாரைத் தலையில் தூக்கி, முழங்கால் சேற்றில் வரப்பைத் தாண்டி, ரோட்டுக்குக் கொண்டுவர ஆள் வேண்டும். படத்தில் அந்த ஆட்களில் பள்ளிக்கூடத்துப் பையன்களும் உண்டு. சிவனணைந்தான் என்ற பையன் லீவு நாளில் தார் சுமக்கப் போகிறான், அவன் அம்மா அவனை விடமாட்டாள், ஏனென்றால் முன்பணம் வாங்கியாயிற்று. இது மாரியின் சொந்தப் பால்யம். படம் முடியும்போது தியேட்டரில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

என் வம்பு அந்த அழுகையோடுதான். 'வாழை' பார்த்து அழுவதற்கு நாம் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கூடத் தார் சுமக்கும் கனி கூலியை ஒரு ரூபாய் கூட்டிக் கேட்டதற்காக வியாபாரி தனி வண்டி தராமல், ஆட்களைத் தார் ஏற்றிய லாரி மேலேயே ஏற்றி அனுப்புகிறான், லாரி கவிழ்கிறது. வறுமை, பாவம், அந்தக் காலத்தில் எவ்வளவு கஷ்டம் என்று சொல்லி மூக்கைச் சிந்திவிட்டுத் தூங்கப் போய்விடலாம். சித்தப்பா அப்படித்தான் தூங்கினார். அந்த வயல் யாருடையது, தாரைச் சுமக்கும் தெரு எப்போதும் ஒரே தெருவாக இருப்பது ஏன் என்று படம் உரக்கக் கேட்காது. கேட்காததுதான் அதன் அழகு. ஆனால் அந்தக் கேள்வி ஏற்கெனவே நம் மண்டையில் இருந்தால்தான் அந்த அமைதி வேலை செய்யும். இல்லாவிட்டால் அது வெறும் சோகப் படம்.

அந்தக் கேள்வியை மண்டைக்குள் வைப்பது 'பரியேறும் பெருமாள்'. 2018 செப்டம்பரில் வந்தது, பா.ரஞ்சித்தின் நீலம் தயாரித்தது. முதல் படம்தானே, அதில் தொடங்குவதில் என்ன புதுமை என்று கேட்கலாம். வந்த வரிசைக்காக நான் சொல்லவில்லை. அந்தப் படம் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

புளியங்குளத்திலிருந்து பரியன் என்ற பையன் திருநெல்வேலி சட்டக் கல்லூரிக்குப் படிக்க வருகிறான். டாக்டர் அம்பேத்கர் மாதிரி ஆகணும் என்று சொல்லிக்கொண்டு வருகிறவனுக்கு வகுப்பில் இங்கிலீஷ் ஒரு வார்த்தை ஏறவில்லை. சொல்லிக்கொடுக்கும் ஜோ அவனைத் தன் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறாள். அங்கே அவனை ஓர் அறைக்குள் போட்டு அடிக்கிறார்கள். அதற்கப்புறம் படம் முழுக்க அவனுக்கு அடி, அவமானம், அசிங்கம். வழக்கமான சினிமாவாக இருந்தால் இடைவேளைக்குப் பின் அவன் அருவாளைத் தூக்குவான், நாமும் கைதட்டி நம் கணக்கைத் தீர்த்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். மாரி அந்த வாசலை அடைத்துவிடுகிறார். கடைசியில் அவன் ஜோவின் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து பேசுகிறான், அவ்வளவுதான்.

அந்த அப்பாவைக் கவனியுங்கள். மாரிமுத்து நடித்தது. அவர் கெட்டவர் கிடையாது. மகளை உயிராக நினைப்பவர். பையனை அடித்தபோது அதைத் தடுக்கத் தெம்பில்லாமல், "உன்னையும் கொன்னுடுவாங்க, என் பிள்ளையையும் கொன்னுடுவாங்கப்பா" என்கிற ரீதியில் கெஞ்சுகிறவர். நம் குடும்பங்களில் எத்தனை பெரியவர்கள் இப்படி! சாதி பார்க்க மாட்டார், வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் காபி உண்டு, ஆனால் தம்பி மகன் ஏதாவது செய்தால் மட்டும் வாய் திறக்க மாட்டார். படம் பேசுவது அவரிடம். என் சித்தப்பாவிடம். கொஞ்சம் என்னிடமும். பரியனுக்காக அழுதுவிட்டு நகர முடியாது, ஏனென்றால் நமக்குப் போட்டிருக்கும் நாற்காலி அந்த அப்பாவுடையது.

இன்னொருவர், கராத்தே வெங்கடேசன் நடித்த அந்தக் கிழவர். சாதிக்காகச் செய்யும் கொலைக்குக் காசு வாங்க மாட்டார், குலசாமிக்குச் செய்கிற காரியமாக நினைத்துச் செய்வார், செய்ததே தெரியாமல் செய்வார். ஆற்றில் குளிக்கிற பையன், பஸ்ஸில் படியில் தொங்குகிற பையன் என்று சர்வசாதாரணமாக. படம் வந்தபோது "இப்படியெல்லாம் யார்வே இருக்கா" என்று இங்கேயே சிலர் சொன்னார்கள். 2025 ஜூலையில் பாளையங்கோட்டை கேடிசி நகரில் ஒரு இளைஞரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அதற்கு முன்னால் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை, கூடப் படிக்கிற பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகுதான் அரசு நீதிபதி சந்துருவை வைத்து ஒருநபர் குழு போட்டது. 2024 ஜூனில் அவர் தந்த அறிக்கையில் பள்ளிக்கூடத்தில் கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டக் கூடாது என்பதும் ஒரு பரிந்துரை. நம் பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் நின்று பையன்களின் மணிக்கட்டைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து பார்க்கிறவன் இதையெல்லாம் தெரிந்துகொண்டு படத்துக்குள் போனால் நல்லது.

பரியனின் அப்பாவாக வந்த தங்கராசு பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நிஜமாகவே கூத்தில் பெண் வேஷம் கட்டி ஆடிய நெல்லைக் கலைஞர். கல்லூரி வளாகத்தில் அவர் வேட்டியை உருவி விரட்டும் காட்சி ஒன்று உண்டு. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வரவில்லை. 2023இல் அவர் இறந்துபோனார்.

சரி, இரண்டாவது 'கர்ணன்'. இங்கே எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. நான் பஸ் நிற்கும் ஊரில் பிறந்தவன். எங்கள் ஊர் விலக்கில் டவுன் பஸ் நிற்கும், சமயத்தில் கண்டக்டர் பாட்டிக்காகக் காத்திருப்பார்கூட. 'கர்ணன்' பஸ் நிற்காத ஊரின் கதை. பொடியன்குளத்துக்காரர்கள் பஸ் ஏற மேலூருக்குப் போக வேண்டும், அங்கே போனால் வம்பு. படம் தொடங்கும்போதே நடுரோட்டில் ஒரு சிறுமி வலிப்பில் துடிக்கிறாள், வண்டிகள் இரண்டு பக்கமும் விலகிப் போகின்றன. செத்துப்போனவள் ஊருக்குச் சாமியாகி, முகமூடியோடு படம் முழுக்க நிற்கிறாள். பிறகு ஒரு நாள் கர்ப்பிணிப் பெண் ரோட்டோரம் நிற்க, பஸ் அன்றைக்கும் நிற்காமல் போக, ஒரு சின்னப் பையன் கல்லை எடுக்கிறான். அங்கிருந்து படம் வேறு.

இதற்குப் பின்னால் இருப்பது கொடியன்குளம். ஓட்டப்பிடாரம் பக்கத்து ஊர். 1995 ஆகஸ்ட் 31 அன்று நூற்றுக்கணக்கான போலீசார் உள்ளே புகுந்து வீடு வீடாக நொறுக்கினார்கள். வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்து அந்த ஊர் அப்போதுதான் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. சாமான்களோடு பிள்ளைகளின் சான்றிதழ்களும் போயின. படத்தில் எஸ்.பி.யாக வரும் நட்டி, துரியோதனன், கர்ணன் என்ற பெயர்களைக் கேட்டு எரிச்சலாகும் இடம் வரும். பஸ்ஸை உடைத்ததைவிட, தலைப்பாகையை அவிழ்க்காமல் நிமிர்ந்து நின்றதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. கொடியன்குளத்தைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சியில் படம் முழுதும் புரிந்துவிடும். 2021 ஏப்ரலில் வந்த கையோடு படத்தில் போட்டிருந்த ஆண்டு பற்றித் தகராறு வந்து, அதை 'தொண்ணூறுகளின் பிற்பகுதி' என்று மாற்றியதும் நடந்தது. எந்த ஆட்சியில் நடந்தது என்று கட்சிக்காரர்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அந்த வாரத்திலும் கிடாக்குழி மாரியம்மாள் குரலில் 'கண்டா வரச்சொல்லுங்க' எல்லாக் கட்சிக்காரர் போனிலும் ஓடியது.

குறை இல்லாமல் இல்லை. முன்னங்கால்கள் கட்டப்பட்ட கழுதை, கோழிக்குஞ்சைத் தூக்கும் பருந்து, குதிரை, யானை, தலையில்லாத ஓவியம் என்று மாரி அடுக்கிக்கொண்டே போவார். அந்தக் கழுதை நொண்டிக்கொண்டு முதல் தடவை வரும்போதே நமக்குப் புரிந்துவிடுகிறது. அப்புறமும் விடமாட்டார். 'பரியேறும் பெருமா'ளில் கறுப்பி என்ற ஒரே நாயை வைத்து இதைவிட அதிகம் சாதித்தவர் அவர். இன்னொன்று, அவர் படங்களில் அக்காமார் ரத்தமும் சதையுமாக இருப்பார்கள், காதலிகள் மட்டும் போட்டோவில் இருப்பது போல இருப்பார்கள். ஜோவுக்குக் கடைசி வரை தன் வீட்டில் என்ன நடந்தது என்றே தெரியாது. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற படத்தை அவர் இன்னும் எடுக்கவில்லை.

இந்த இரண்டையும் பார்த்த பிறகு 'வாழை'யைப் போடுங்கள். சேற்றில் நடக்கும் சிவனணைந்தானைப் பார்க்கும்போது, இவன்தான் வளர்ந்து சட்டக் கல்லூரியில் முதல் பெஞ்சில் போய் உட்காரப் போகிறவன், இவன்தான் பஸ் மேல் கல்லெறிந்த பையன் என்று தானாகவே தோன்றும். கனி அந்த ஒரு ரூபாயைக் கேட்கும் காட்சிக்கு வேறு கனம் வந்துவிடும். பசியோடு ஓடிவந்து சோற்றில் கைவைக்கும் அந்தக் கடைசிக் காட்சியில் அழுகை வரும், ஆனால் அழுதுவிட்டு மட்டும் எழுந்திருக்க முடியாது. இதே சுமையை எழுதிய சோ.தர்மனின் 'வாழையடி' என்ற சிறுகதையையும் கூடவே படித்துவிடலாம்.

'பைசன்' நாலாவது. 2025 தீபாவளிக்கு வந்தது. மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடித் தங்கம் வாங்கிய அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையைத் தழுவிய கதை. நீளம் கொஞ்சம் அதிகம். பசுபதிக்காகவே பார்க்கலாம். மகன் விளையாடப் போனால் செத்துவிடுவானோ என்று பயப்படும் அப்பா, தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் எல்லாத் தெருவிலும் இருந்தார்.

'மாமன்னன்' கடைசி. இதில் பலருக்கு என்னோடு ஒத்துப்போகாது. வடிவேலுவை அப்படி ஒரு வேஷத்தில் நிறுத்தியதற்கே மாரிக்குக் கோயில் கட்டலாம். எம்.எல்.ஏ. ஆன பிறகும் இன்னொருவர் வீட்டில் நாற்காலியில் உட்காராமல் நிற்கிற அந்த உடம்பைப் பாருங்கள். ஆனால் களம் சேலத்துப் பக்கம், அரசியல்வாதிகள் உலகம். இரண்டாம் பாதி தேர்தல் கணக்காகிவிடுகிறது, மாரியின் கண் அங்கே அவ்வளவு கூர்மையாக இல்லை. முதலில் பார்க்கக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் வேறு. 2023இல் படம் வந்து கொஞ்ச நாளிலேயே பகத் பாசில் நடித்த வில்லன் ரத்தினவேலுவின் காட்சிகளை வெட்டி, தங்கள் சாதிப் பாட்டைப் பின்னால் போட்டு ஸ்டேட்டஸ் வைத்தார்கள். பந்தயத்தில் தோற்ற நாயை அடித்தே கொல்கிறவனை ஹீரோ ஆக்கிக்கொண்டார்கள். எடுத்தவரின் உலகம் தெரியாமல் அதில் நுழைந்தால் பகத்தின் கண்கள் நம்மையும் இழுத்துவிடும், நடிகர் அவ்வளவு கெட்டிக்காரர்.

படங்களுக்கு முன்னால் எழுத்து இருக்கிறது என்பதையும் அத்தை மகனுக்குச் சொல்லியிருக்கிறேன். இயக்குநர் ராமிடம் உதவியாளராக இருந்த காலத்திலேயே எழுதத் தொடங்கியவர். 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்' என்று ஒரு சிறுகதைத் தொகுப்பு, ஆனந்த விகடனில் தொடராக வந்து புத்தகமான 'மறக்கவே நினைக்கிறேன்'. அந்த முதல் தலைப்பு எங்கிருந்து வருகிறது என்றால், 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலத்தை போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியதில் 17 பேர் செத்துப்போனார்கள். ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னல் வழியாகத் தெரிகிற அதே ஆறுதான்.

அவன் பதிலுக்கு, "அத்தான், ஞாயித்துக்கிழமை பரியேறும் பெருமாள் போடுறேன், அப்பாவும் கூட உக்காந்து பாப்பாங்க" என்று எழுதியிருக்கிறான். மாமா பார்த்துவிட்டு என்ன சொல்கிறார் என்று குழுவில் போடச் சொல்லியிருக்கிறேன். சித்தப்பாவும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்.