'ஜெரிங்கோன்சா' இணையத்தில் பிறந்த சொல்லா?

போர்ச்சுகல் அரசியலில் அடிபடும் 'ஜெரிங்கோன்சா' என்ற சொல்லை 2015இல் மீம் போடுபவர்கள்தான் உருவாக்கினார்கள் என்று ஒரு பதிவு பகிரப்படுகிறது. தவறு.

சொல் பழையது. தட்டிக்கொட்டி ஒப்பேற்றிய, எப்போது கழன்று விழுமோ என்றிருக்கும் சாமானுக்குப் போர்ச்சுகீசியர் வைத்திருந்த பெயர் அது. நம் 'ஓட்டை உடைசல்' மாதிரி. பத்திரிகையாளர் வாஸ்கு புலிடு வலென்ட் 2014லேயே அதை அரசியல் கட்டுரையில் கையாண்டார். 2015 நவம்பரில், 230 இடங்கள் கொண்ட நாடாளுமன்றத்தில் வெறும் 86 இடம் வைத்திருந்த சோசலிஸ்ட் கட்சி, இடதுசாரிகளின் ஆதரவோடு ஆட்சிக்கு வரத் தயாரானது. வலதுசாரித் தலைவர் பாவ்லு போர்ட்டாஸ் நாடாளுமன்றத்திலேயே அதை 'ஜெரிங்கோன்சா' என்று கிண்டலடித்தார். அப்புறம்தான் அது ஊரெங்கும் பரவியது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஓட்டை வண்டி 2019 வரை முழுப் பதவிக்காலமும் ஓடியது. வசைச்சொல்லை ஆதரவாளர்களே செல்லப்பெயராக்கிக்கொண்டார்கள். போர்ட்டோ எடிடோரா பதிப்பகம் நடத்திய வாக்கெடுப்பில் 2016இன் சொல்லும் அதுவே.

சரி, இணையம் எதையுமே உருவாக்கவில்லையா? உருவாக்கியது, பிரேசிலில். முன்னாள் அதிபர் பொல்சனாரோ பெயரின் முன்பாதியோடு, தலைவனுக்கு ஏவல் செய்யும் மஞ்சள் கார்ட்டூன் பாத்திரமான 'மினியன்' பெயரை ஒட்டி, அவரது ஆதரவாளர்களைக் கிண்டலடிக்கும் 'பொல்சோமினியன்' அப்படிப்பட்ட ஒட்டுச்சொல்தான்.